ஷேக்கர் சாப்பாட்டு மேஜை சமத்துவத்தின் குறியீடா?

உள்ளலங்காரம் படிக்கிற நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவில் கூட்டாக வாழ்ந்த ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினரின் நீண்ட சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால் எல்லோரும் அதைச் சமத்துவத்தின் குறியீடு என்கிறார்கள், அவர்களுடைய ஓவியங்களிலும் மேஜைக்கு அதே பொருள்தானா? இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த மேஜையைச் செய்தவர்கள் அதில் ஏதாவது பொருளை ஏற்றிச் செய்தார்களா, இல்லை பிற்பாடு பார்த்த நாம் ஏற்றிவிட்டோமா? பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பதும் அவற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் மரத்திலிருந்து தொடங்கி ஓவியத்துக்கு வருகிறேன். ஆவணத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். என் ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் முதலில். ஷேக்கர்கள் மேஜையைக் குறியீடாகச் செய்யவில்லை. ஓர் ஒழுங்கை நடத்துவதற்கான கருவியாகச் செய்தார்கள். குறியீடாக அவர்கள் கண்ட மேஜையும் உண்டு, ஆனால் அது தரிசனத்தில் கண்ட மேஜை. தச்சுப்பட்டறையில் செய்தது வேறு. நாம் இன்று புத்தகங்களில் பார்த்து நெகிழ்கிற வெறுமையான நீண்ட மேஜை மூன்றாவது ஒன்று. அதற்கு வயது சுமார் நூறு ஆண்டுதான். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 'சமத்துவத்தின் குறியீடு' என்ற வரி இவ்வளவு சுலபமாக எழுதப்படுகிறது.

இந்த மக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தோன்றிய சிறு கிறிஸ்தவக் குழு இது. வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியதால் வெளியார் வைத்த பெயர் ஷேக்கர். ஒரு கொல்லரின் மகளான ஆன் லீ சிலரை அழைத்துக்கொண்டு 1774-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1784-இல் அவர் இறந்த பிறகு ஜோசப் மீச்சமும் லூசி ரைட்டும் இந்தக் கூட்டத்தை ஒழுங்கான சமூகங்களாக அமைத்தார்கள். மணவாழ்க்கை கிடையாது, தனிச்சொத்து கிடையாது, பாவ அறிக்கை உண்டு. கடவுளுக்குத் தந்தைத்தன்மையும் தாய்த்தன்மையும் உண்டு என்று நம்பியதால் ஒவ்வொரு மட்டத்திலும் ஆண் தலைவருக்கு இணையாகப் பெண் தலைவரும் இருந்தார். ஒரு 'குடும்பம்' என்றால் ரத்த உறவில்லாத பத்துப் பேர், ஐம்பது பேர், சில இடங்களில் நூறு பேர்கூட ஒரே கூரையின் கீழ் வாழ்வது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெய்ன் முதல் கென்டக்கி வரை பல சமூகங்களில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். இன்று மெய்ன் மாநிலத்தின் சாபத்டே லேக்கில் மட்டும் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய சிலர் இருக்கிறார்கள்.

நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போட வேண்டும் என்பதுதான் மேஜையின் முதல் காரணம். மாசசூசெட்ஸின் ஹேன்காக் கிராமத்தில் 1830-இல் கட்டிய செங்கல் குடியிருப்பு இன்றும் அப்படியே நிற்கிறது. கிட்டத்தட்ட நூறு பேருக்காகக் கட்டியது. சமையலறை கீழ்த்தளத்தில், சாப்பாட்டு அறை அதற்கு மேலே. கீழே சமைத்ததை மேலே ஏற்ற, கயிற்றில் இழுக்கும் அலமாரிகள் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி மாடிப்படி. சாப்பாட்டு அறை ஒன்றுதான், ஆனால் சகோதரர்கள் மேஜை ஒரு பக்கம், சகோதரிகள் மேஜை இன்னொரு பக்கம்.

அந்த மேஜையை ஒரு தச்சர் பார்க்கிற மாதிரி குனிந்து பாருங்கள். இரு முனைகளிலும் ஒவ்வொரு தூண். நீளம் அதிகமென்றால் நடுவிலும் ஒன்று. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் வில்போல் வளைந்து இருபுறமும் நீளும் பாதம். மேலே இரண்டு மூன்று நீளப் பலகைகளைச் சேர்த்த மேற்பரப்பு. பைன், செர்ரி, மேப்பிள், பிர்ச் என்று அந்தந்த ஊரில் கிடைத்த மரம். இவ்வளவும் ஐரோப்பாவின் மடாலயங்களிலும் பண்ணை வீடுகளிலும் நூற்றாண்டுகளாக இருந்ததுதான். ஷேக்கர் தச்சர்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டம். பழைய மேஜைகளில் அது தரைக்குச் சற்று மேலே ஓடும். உட்கார்பவரின் கால் அதில் இடிக்கும், அல்லது அதன்மேல் ஏறி உட்காரும். ஷேக்கர் மேஜைகளில் அது மேற்பலகையை ஒட்டி அடிப்பக்கத்தில் ஓடுகிறது. கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். கீழே இருக்கும் சட்டம் தூண்களைச் சுலபமாக விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். மேலே ஏற்றிவிட்டால் மேஜை நீளவாக்கில் ஆடாமல் நிற்பதன் பாரம் முழுதும் தூணும் சட்டமும் சேரும் மூட்டின் மேல் விழும். அந்த மூட்டு நூல் பிசகினாலும் சில ஆண்டுகளில் மேஜை ஆடத் தொடங்கிவிடும். ஆனால் சரியாகச் செய்தால் அதே சட்டம் நீண்ட மேற்பலகை நடுவில் தொய்யாமலும் தாங்குகிறது, கால் நீட்ட இடம் கிடைக்கிறது, கீழே துடைப்பம் தடையில்லாமல் போய்வருகிறது.

அந்தத் துடைப்பம் முக்கியம். மோட்சத்தில் அழுக்கு கிடையாது என்று ஆன் லீ சொன்னதாக ஷேக்கர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, நேரில் கேட்டவர்களின் நினைவிலிருந்து தொகுத்த வாக்குகளில் இது வருகிறது. அவர் வாயிலிருந்து வந்த சொல் இதேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி வீடு கட்டினார்கள், சாமான் செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. சுவர் முழுக்க மரமுளைகள், அவற்றில் நாற்காலிகளை மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவது, சுவரோடு சேர்த்துக் கட்டிய இழுப்பறைகள் எல்லாமே ஒரே பழக்கத்தின் பிள்ளைகள். சாப்பாட்டு அறையில் முதலில் பெஞ்சுகள் இருந்தன. பிறகு முதுகு குட்டையான நாற்காலிகள் வந்தன. அந்த முதுகு மேஜைப் பலகையை விடத் தாழ்ந்திருக்கும். சாப்பிட்டு முடித்து உள்ளே தள்ளிவிட்டால் வெளியே துருத்திக்கொண்டு எதுவும் நிற்காது.

பொருள் எங்கே இருந்தது என்று கேட்டால், உட்கார்ந்து எழுந்த விதத்தில் இருந்தது என்பேன். மணி அடிக்கும். அதற்குச் சற்று முன்பே அவரவர் அறைகளில் கூடி அமைதியாக இருப்பார்கள். குடும்பத்தின் தலைவரான மூப்பர் முன்னே செல்ல வரிசையாக வந்து, அவரவர் இடத்தில் நின்று, எல்லோரும் ஒன்றாக மண்டியிட்டு மௌனமாக ஜெபிப்பார்கள். பிறகு பேச்சில்லாமல் சாப்பாடு. முடிந்ததும் மறுபடி மண்டியிட்டு, வந்த வரிசையிலேயே வேலைக்குத் திரும்புவார்கள். பேச்சே இல்லாமல் ஐம்பது பேர் எப்படிப் பரிமாறிக்கொள்வது? இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நீண்ட மேஜையை நான்கு நான்கு பேர் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ரொட்டி, வெண்ணெய், காய், கறி என்று தனித்தனியாக முழுத் தொகுதி வைத்துவிடுவார்கள். யாரும் யாரையும் 'அதை இங்கே தள்ளுங்கள்' என்று கேட்க வேண்டாம், எட்டி எடுக்கவும் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரே நீளப் பந்தியாகத் தெரிவது, உட்கார்ந்தவருக்கு நான்கு பேர் மேஜையாக இருந்தது. படத்தில் மேஜையின் நீளத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தட்டில் எடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வேண்டிய அளவு எடுக்கலாம். எடுத்ததை முடிக்க வேண்டும். விருந்தினர் பார்வைக்கென்றே இதைப் பாட்டாக எழுதி ஒற்றைத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். அதன் தலைப்பில் யோவான் சுவிசேஷத்தின் வசனம்: 'ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்.' 1845-இல் திருத்தி எழுதிய அவர்களின் சட்டத்தொகுப்பில் கறியை எப்படி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றுகூட இருக்கிறது: சதுரமாக, கொழுப்பு, சதை, எலும்பு மூன்றும் சமமாக வரும்படி. அதாவது நல்ல துண்டை மட்டும் நோண்டி எடுத்துவிட்டு அடுத்தவருக்கு எலும்பை விடக் கூடாது. சமத்துவத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அதை இந்தக் கறித்துண்டில் தேடுங்கள், மேஜைப் பலகையை விட இங்கே அது தெளிவாகத் தெரிகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த 1845 தொகுப்பு மிகக் கடுமையான காலத்தில் எழுதியது, மூப்பர்களின் கையில் இருந்தது. எல்லாச் சமூகங்களிலும் எல்லா ஆண்டுகளிலும் அதன் ஒவ்வொரு வரியும் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதி எழுத்தில் இருந்தது என்பது உறுதி, அன்றாடம் எவ்வளவு நடந்தது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அப்புறம், அந்தச் சமத்துவத்துக்கும் எல்லை இருந்தது. பல ஊர்களுக்குப் பொறுப்பான 'மினிஸ்ட்ரி' என்ற உயர்நிலைக் குழு, வழக்கமாக இரண்டு ஆணும் இரண்டு பெண்ணும், பொதுப் பந்தியில் உட்காரவில்லை. அவர்களுக்குத் தனி அறை, தனி மேஜை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வணிகம் பார்க்கும் அலுவலகக் கட்டடத்தில் சாப்பாடு போடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார முடியாது. பொதுமேஜை என்றால் எல்லோரும் கலந்து உட்காரும் மேஜை என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தில், ஒரே உணவை, ஒரே அமைதியில் உண்பது. சமம் என்பதை அவர்கள் உணவிலும் உழைப்பிலும் வைத்தார்கள், இடத்தில் வைக்கவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் மேலே சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் ஆவணத்தில் உள்ளவை.

கிறிஸ்தவர்கள் என்பதால் இது இயேசுவின் கடைசி இராப்போஜன மேஜையைக் குறிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் கொண்ட திருவிருந்துச் சடங்கை ஷேக்கர்கள் கைவிட்டவர்கள். தண்ணீர் ஞானஸ்நானமும் அவர்களிடம் இல்லை. வெளிச்சடங்கு வேண்டாம், வாழ்க்கையே வழிபாடாக இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு முன்மாதிரி அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் முதல் விசுவாசிகள், 'சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தவர்கள்'. அதனால் பொதுமேஜையைப் பலிபீடமாகப் படிப்பதை விடப் பொதுச்சொத்தின் ஒரு பகுதியாகப் படிப்பதுதான் அவர்களுடைய நம்பிக்கைக்கு நெருக்கமானது.

இனி ஓவியம். 1837-இல் தொடங்கி சுமார் இருபது ஆண்டுகள் ஷேக்கர் சமூகங்களில் ஒரு தரிசன அலை வீசியது. பரலோகத்திலிருந்து ஆன் லீயும் பழைய மூப்பர்களும் செய்தி அனுப்புவதாக நம்பினார்கள். பாட்டு, ஆட்டம், எழுத்து என்று பல வடிவத்தில் 'கொடைகள்' வந்தன. அவற்றில் ஒரு வகைதான் கொடை ஓவியங்கள். இன்று சுமார் 200 மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் நியூ லெபனான், மாசசூசெட்ஸின் ஹேன்காக் ஊர்ச் சகோதரிகள் வரைந்தவை. இவற்றைச் சுவரில் மாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வசிக்கும் அறைகளில் படம் மாட்டவே 1845 விதிகள் தடை செய்தன. சுவரில் படம் இல்லாத வீட்டில் ஒரு சகோதரி தன் தரிசனத்தைத் தாளில் வரைந்து வைக்கிறார் என்றால், அது அலங்காரத்துக்காக இல்லை, சாட்சியத்துக்காக.

ஹேன்காக்கின் ஹன்னா கோஹூன் 1854-இல் வரைந்த 'மல்பெரி மரப் பந்தல்' உங்கள் கேள்விக்கு நேரான சான்று. அதே ஆண்டு அவர் வரைந்த 'உயிர் மரம்' இன்று தபால் அட்டைகளில்கூட வருகிறது. மல்பெரி ஓவியம் அந்த அளவுக்குப் பிரபலமில்லை. மரங்கள் மேலே கிளை கோத்துப் பந்தலாக நிற்கின்றன, அடியில் விருந்துக்கு நீண்ட மேஜை. செப்டம்பர் மாதம் ஒரு கூட்டத்தில் ஆன் லீ வந்ததையும், அந்தப் பந்தலைத் தான் கண்டதையும் ஓவியத்தோடு தன் கையாலேயே எழுதியிருக்கிறார். இங்கே மேஜை ஐயமில்லாமல் குறியீடுதான். ஆனால் எதற்கு? பரலோக விருந்துக்கு. மறைந்த மூப்பர்களும் வாழ்பவர்களும் சேரும் இடத்துக்கு. கீழே, வீட்டில், தட்டில் மிச்சம் வைக்காமல் பேசாமல் சாப்பிட்டவர் மேலே கண்டது, கனிமரங்களின் கீழ் பொங்கி வழியும் ஒரு விருந்து. அன்றாட மேஜையின் அளவும் தரிசன மேஜையின் தாராளமும் ஒன்றையொன்று இட்டு நிரப்புகின்றன என்பது என் ஊகம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இந்த ஊகத்துக்கு வலுச் சேர்ப்பது, ஓவியத்தை விட வியப்பான இன்னொரு வழக்கம். 1842 முதல் ஒவ்வொரு சமூகமும் தன் ஊர் அருகே ஒரு குன்றின் மேல் விருந்துக்களம் அமைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. ஹேன்காக்கில் அந்தக் குன்றுக்கு சீனாய் மலை என்று பெயர். ஆண்டுக்கு இருமுறை எல்லோரும் வரிசையாக மலையேறி, கண்ணுக்குத் தெரியாத ஊற்றில் குளித்து, கண்ணுக்குத் தெரியாத உடை உடுத்தி, கண்ணுக்குத் தெரியாத உணவை எடுத்துப் பகிர்ந்து உண்டார்கள். வாயில் எதுவும் இல்லை. ஆனால் கையால் எடுப்பதும் கொடுப்பதும் மெல்லுவதும் உண்டு. சில ஆண்டுகளில் இந்த வழக்கம் ஓய்ந்துவிட்டது. வெளியார் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்கோ ஷேக்கர்களின் உணவுக் குறியீடு முழுமையாக வெளிப்பட்ட இடம் இதுதான் என்று தோன்றுகிறது. மரமே இல்லாத மேஜை அது.

மூன்றாவது மேஜைக்கு வருவோம். 1920-களில் எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸ், ஃபெய்த் ஆண்ட்ரூஸ் தம்பதியர் ஷேக்கர் சாமான்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சமூகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். 1935-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தது. வில்லியம் வின்டர் எடுத்த ஒளிப்படங்களில் வெள்ளைச் சுவர், பக்கவாட்டு வெளிச்சம், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வேறெதுவும் இல்லை. அந்தக் காட்சிகள் படத்துக்காக அடுக்கியவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்த படங்களில் ஷேக்கர் அறைகளைப் பார்த்தால் பூப்போட்ட கம்பளமும் சட்டமிட்ட படங்களும் செடித்தொட்டிகளும் இருக்கின்றன. அதே காலத்தில் ஓவியர் சார்ல்ஸ் ஷீலரும் ஷேக்கர் சாமான்களைத் தன் வீட்டில் வைத்து அவற்றையே வரைந்தார். 1931-இல் வரைந்த 'அமெரிக்கானா'வில் நீண்ட மேஜையும் பெஞ்சுகளும் வருகின்றன, உட்கார ஆள் இல்லை. நவீனக் கலைக்கு வேண்டிய கோடும் தளமும் அவருக்கு அதில் கிடைத்தன. ஆளில்லாத மேஜைதான் நமக்குப் பழகிப்போன ஷேக்கர் மேஜை. ஆளில்லாத இடத்தில் எந்தப் பொருளையும் உட்காரவைக்கலாம்.

நம் பக்கத்தோடு ஒரு மெல்லிய தொடர்பும் உண்டு. அமெரிக்க மரக்கலைஞர் ஜார்ஜ் நகஷிமா 1930-களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கி கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தவர்; பிற்பாடு பென்சில்வேனியாவில் அவர் செய்த மேஜை நாற்காலிகளில் ஷேக்கர் சாயல் தெரியும். ஒழுங்குள்ள கூட்டுவாழ்க்கை அவரை இரண்டு பக்கமும் இழுத்ததா என்பதை விரும்பினால் தனியாக ஆராயலாம்.

உங்கள் ஆய்வேட்டுக்கு என் யோசனை: ஒரு ஷேக்கர் மேஜையைப் பார்த்ததும் அதன் பொருளை எழுதிவிடாதீர்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, சாப்பாட்டு அறைக்குச் செய்ததா பட்டறைக்கா, நீளம் முதலில் இருந்த நீளம்தானா என்று கேளுங்கள். ஆள் குறைந்தபோது நீண்ட மேஜைகளை அறுத்துக் குறுக்கியதும் உண்டு, விற்பவர்கள் அதை எப்போதும் சொல்வதில்லை. மேற்பலகையின் இரு முனைகளிலும் தேய்மானம் ஒரே மாதிரி இருக்கிறதா, தூணுக்கு வெளியே நீளும் பகுதி இரு பக்கமும் சமமா என்று பாருங்கள். வெறும் படத்தை வைத்து இவற்றை நான் தீர்த்துச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஹேன்காக் அருங்காட்சியகக் கிராமத்தின் சாப்பாட்டு அறையிலிருந்து தொடங்குங்கள். அங்கே மேஜையும் அறையும் கீழ்ச் சமையலறையும் சேர்ந்தே இருக்கின்றன.